காரி நிற்கும் கொட்டாய்

காரிமங்கலம் சந்தையில் புளி மூட்டைகளை இறக்கிவிட்டு, அவிழ்த்த மாடுகளுக்குச் சோளத்தட்டு போட்டுவிட்டு, வண்டி நிழலில் துண்டை விரித்துப் படுக்கப் போனான் மாதப்பன். அப்போதுதான் நாகன் அவனைத் தேடிக்கொண்டு வந்தான். நாகனும் பாரவண்டிக்காரன்தான். சேலத்துக்கும் தருமபுரிக்குமாக இருவரும் பல வருஷம் முன்னும் பின்னுமாக வண்டி ஓட்டியவர்கள்.

"மாதப்பா, உன் காரி சாவலப்பா," என்றான் நாகன். "தொப்பூருக்குக் கீழ அந்தம்மா வெச்சிருக்கற கெழமாட்டுக் கொட்டாயில நிக்குது. எங்கண்ணால பாத்துட்டு வரேன்."

நல்ல சேதி சொல்லும் முகத்தோடுதான் சொன்னான். மாதப்பன் எழுந்து உட்கார்ந்தான். அது வேறு மாடாக இருக்கும் என்றான். நாகன் விடவில்லை. நெற்றிச் சுழி, நுனி மழுங்கிய இடது கொம்பு என்று அடையாளம் சொன்னான். முன்னங்கால் ஒன்று கோணலாகக் கூடியிருக்கிறது, நொண்டுகிறது, மற்றபடி தின்று குடித்து நன்றாகத்தான் இருக்கிறது என்றான். இதை ஊரில் யாரிடமும், முக்கியமாகத் தன் வீட்டில், சொல்லிவிட வேண்டாம் என்று மாதப்பன் கேட்டுக்கொண்டான். நாகன் ஒன்றும் கேட்காமல் திரும்பிப் போய்விட்டான்.

கேட்பதற்கு ஒன்றும் இல்லை. அன்றைக்குக் கணவாயில் நாகனும் கூட இருந்தவன்தான்.

காரி, மாதப்பனின் மனைவி பாஞ்சாலி பிறந்த வீட்டுக்கு ஒருதடவை போய்வந்தபோது கொண்டுவந்த கன்று. புல் கடிக்கத் தெரியாத வயசிலேயே அதன் தாய் கோமாரி நோயில் போய்விட்டது. பாஞ்சாலி வெள்ளாட்டுப் பாலில் கேழ்வரகுக் கூழைக் கரைத்து, விரலை நனைத்து நனைத்து அதன் வாயில் வைத்து வளர்த்தாள். வளர்ந்தபோது நல்ல ஆலம்பாடிக் காளையாக, மழைமேக நிறத்தில் நின்றது. கயிறு வேண்டியதில்லை. அவள் குரல் எங்கே கேட்கிறதோ அங்கே இருக்கும். அதற்கு ஜோடியாக மாதப்பன் மயிலை என்ற வெள்ளை மாட்டைப் பிடித்துவந்து வண்டியில் பழக்கினான்.

இரண்டாம் உலகச் சண்டைக் காலம் அது. மொரப்பூர் ரயில்பாதையைச் சண்டைக்கென்று பெயர்த்துக்கொண்டு போய்விட்டார்கள். பெட்ரோல் இல்லாமல் லாரிகள் கரியைப் போட்டுப் புகைத்துக்கொண்டு, மேட்டில் ஏற முடியாமல் நின்றன. ஊர்ச் சரக்கெல்லாம் மாட்டின் கழுத்தில் ஏறியது. முந்தி வந்த வண்டிக்கு அடுத்த பாரம் என்று மண்டிக்காரர்கள் சொல்ல, மாதப்பனுக்கு முடியாது என்று சொல்லும் பழக்கமே விட்டுப்போயிற்று.

அந்த ஐப்பசியில் சேலத்திலிருந்து உப்பு ஏற்றினான். வழக்கத்தைவிட அதிகமாகவே ஏற்றினான். ஓமலூர் தாண்டும்போதே காரியின் முன்னங்கால் லாடம் ஆடிக்கொண்டிருந்தது. அதை அவன் பார்க்கவில்லை என்று சொல்ல முடியாது. குனிந்து காலைத் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் மறுபடி வண்டியில் ஏறினான். தொப்பூர் அடிவாரத்தில் லாடம் கட்டுகிறவரிடம் கூட்டம். காத்திருந்தால் மற்ற வண்டிகள் போய்விடும், கணவாயில் தனியாக ஏற வேண்டும், மண்டிக்கும் பிந்திப் போக வேண்டியிருக்கும். தருமபுரி போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று ஓட்டினான்.

பாதி மேட்டில், ஒரு திருப்பத்தில், காரி முழங்காலில் விழுந்தது. நுகத்தடி சாய்ந்து மயிலையையும் இழுத்தது. மாதப்பன் குதித்து இறங்கிச் சாட்டையால் அடித்தான். தாற்றுக்குச்சியால் குத்தினான். அப்புறம் வண்டிக்காரர்கள் செய்கிற கடைசி வேலையையும் செய்தான், வாலை மடித்துப் பல்லால் கடித்தான். மாடு எழப் பார்த்தது. அப்போதுதான் கால் எலும்பு முறிந்த சத்தம் கேட்டது. "போதுமுடா, வுடு," என்று நாகன் வந்து அவன் தோளைப் பிடித்து இழுத்தான்.

பின்னால் வண்டிகள் நின்று கூச்சல் போட்டன. யாரோ ஒருவர் வண்டிக்குப் பின்னால் கட்டிக் கூட்டிவந்த உதிரி மாட்டை அவிழ்த்துக் கொடுத்தார். காரியை நாலைந்து பேராகச் சேர்ந்து ரோட்டோரத்துப் புங்கமரத்தடிக்கு இழுத்துப் போட்டார்கள். நாளைக்கே திரும்பி வந்து பார்க்கலாம் என்று மாதப்பன் தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். ஒரு சட்டித் தண்ணீர்கூட வைக்கவில்லை. வண்டி நகர்ந்து மயிலையின் மணிச்சத்தம் மேலே போகப் போக, கீழே காரி எழுந்திருக்க முயன்று முயன்று விழும் சத்தம் கேட்டது. அவன் திரும்பிப் பார்க்கவில்லை.

வாசலில் வேற்று மாட்டைப் பார்த்ததும் பாஞ்சாலி கேட்ட கேள்விக்கு, செத்துப்போச்சு என்று சொல்லிவிட்டான். வழியெல்லாம் வேறு எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டுதான் வந்தான். வாயில் வந்தது அதுதான். எங்கே புதைத்தீர்கள் என்று கேட்டாள். புங்கமரத்தடியில் என்றான். ஒரு பொய்க்கு இன்னொரு பொய் தானாகவே வந்து நின்றது.

அடுத்த நடையில் அந்தத் திருப்பத்தில் இறங்கிப் பார்த்தபோது மரத்தடியில் ஒன்றுமில்லை. தோலுக்காக யாராவது இழுத்துப் போயிருப்பார்கள் என்று நினைத்தான். அந்த நேரத்தில் அவன் நெஞ்சுக்குள் ஓர் ஆறுதல் இறங்கியது. சொன்ன பொய் இனி பொய்யில்லை என்ற ஆறுதல். அப்படி ஆறுதல்பட்டதை நினைக்கும்போதுதான் பின்னாட்களில் அவனுக்குச் சோறு இறங்காமல் போனது.

பாஞ்சாலி பல நாள் சரியாகச் சாப்பிடவில்லை. மாட்டுப் பொங்கலன்று மயிலைக்குக் கொம்பு தீட்டிவிட்டு, இன்னோர் உருண்டைச் சோற்றை இலையில் வைத்து நெடுநேரம் உட்கார்ந்திருந்தாள். பங்குனியில், அந்த இடத்தை ஒரு தடவை கண்ணால் பார்க்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தாள். மாதப்பன் ஏதேதோ சொல்லித் தட்டிக்கழித்துப் பார்த்தும் முடியாமல் வண்டி கட்டிக்கொண்டு போனான். புங்கமரத்தடியில், வெறும் சரளை மண்ணில், இதுதான் என்று காலால் காட்டினான். அவள் அங்கே ஒரு கல்லை நட்டு மஞ்சள் பூசினாள். பால் ஊற்றினாள். கற்பூரம் காற்றில் நிற்காமல் அணைந்து அணைந்து போக, முந்தானையால் மறைத்துக்கொண்டு ஏற்றினாள். பிறகு அந்த மண்ணைக் கையால் தடவித் தடவி அழுதாள். போகிற வண்டிக்காரர்கள் பார்த்துக்கொண்டு போனார்கள். மாதப்பன் மாட்டைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

இப்போது நாகன் வந்து சொல்கிறான், காரி இருக்கிறது என்று.

சில நாள் சும்மா இருந்து பார்த்தான் மாதப்பன். முடியவில்லை. சேலத்தில் பாரம் பேச வேண்டும் என்று வீட்டில் சொல்லிவிட்டு, நாகன் வண்டியில் ஏறிக் கணவாய் உச்சிவரை போய், அங்கிருந்து இறங்கி நடந்தான்.

அந்தக் கொட்டாயை அவன் எத்தனையோ தடவை கடந்து போயிருக்கிறான். தருமபுரியில் எண்ணெய்ச் செக்கு வைத்திருந்த ஒருவரின் மனைவி ஜானகியம்மாள், புருஷன் இறந்தபிறகு மலையடிவாரத்தில் இருந்த நிலத்தில் கொட்டகை போட்டு, உழைக்க முடியாத மாடுகளைச் சேர்த்து வைத்திருந்தார். வாசலில் கோசாலை என்று பலகை. வண்டிக்காரர்களுக்கு அது கிழமாட்டுக் கொட்டாய். மாட்டுக்கு மாமியார் வீடு என்று கேலி பேசிக்கொண்டு போவார்கள். மாதப்பனும் பேசியிருக்கிறான்.

ரோட்டிலிருந்து உள்ளே தெரியாதபடி ஆளுயரம் வளர்ந்த கள்ளி வேலிக்குள் ஓலைக் கொட்டகைகள் நீளமாக இருந்தன. பால் வற்றிய பசுக்கள் அசை போட்டுக்கொண்டு கிடந்தன. முதுகு குழிந்த ஜட்கா குதிரை ஒன்று, காது கிழிந்த கழுதை ஒன்று, கால் ஒடிந்த வெள்ளாடுகள் சில. ஜானகியம்மாள் முக்காடு போட்ட தலையோடு ஒரு பசுவின் கழுத்துப் புண்ணை வேப்பிலைத் தண்ணீரால் கழுவிக்கொண்டிருந்தார்.

"யாருப்பா? மாடு வுட வந்தியா?"

"இல்லீங்கம்மா. சும்மா பாத்துட்டுப் போலாம்னு வந்தனுங்க."

"பாரு. பாக்கறதுக்குன்னு இங்க யாரும் வர்றதில்ல. வுட்டுட்டுப் போறவங்கதான் வருவாங்க."

கையைக் கழுவிக்கொண்டு அவரே கூட வந்து காட்டினார். ஒரு குருட்டு மாடு, கட்டாமலேயே, ஒரு முளைக்குச்சியைச் சுற்றிச் சுற்றி நடந்துகொண்டிருந்தது. தங்கள் செக்கில் உழைத்த மாடு அது என்றார். கண் போனபிறகு அவர் வீட்டுக்காரர் அதை வெட்டுக்கு வாங்குகிறவனிடம் கொடுத்துவிட்டாராம். அப்போது ஒரு வார்த்தை பேசாமல் இருந்துவிட்ட ஜானகியம்மாள், சில நாளிலேயே அவர் காலமானதும் தேடிப்போய், வெட்டுப்படும் முன் மீட்டு வந்தாராம். இந்த இடமே அதற்காகத் தொடங்கியதுதான் என்றார். மாதப்பன் உம் கொட்டினான். அவன் கண் வேறெங்கோ தேடிக்கொண்டிருந்தது.

ரோட்டுப் பக்கத்து வேலியோரத்தில், அவனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, காரி நின்றது. இளைத்திருந்தது. முன்னங்கால் ஒன்று வெளிப்பக்கம் வளைந்து கூடியிருந்தது.

"இத ரோடு போடற ஆளுங்க சறுக்குக் கட்டையில வெச்சு இழுத்துக்கிட்டு வந்தாங்க," என்றார் ஜானகியம்மாள். "கணவாயில கெடந்துச்சாம். மூங்கிப் பத்தை வெச்சுக் கட்டிப் பாத்தோம். பொழைக்காதுன்னாங்க, பொழச்சிருச்சு. ஆனா வண்டி மணி கேட்டா அங்க போயி நின்னுக்கும். பங்குனியில ஒரு வண்டி போச்சு பாரு, அன்னிக்குத்தான் ஏன்னு தெரியல, வேலிய முட்டிக்கிட்டு ஒரே கத்து. கள்ளி முள்ளு குத்தி மூஞ்சியெல்லாம் ரத்தம்."

மாதப்பனுக்கு அந்த நாள் தெரியும். புங்கமரத்தடியில் அழுதுவிட்டு, மயிலைக்குத் தண்ணீர் காட்ட அடிவாரம்வரை இறங்கிய நாள். கொட்டாயை ஒட்டி வரும்போது பாஞ்சாலி தலை நிமிர்ந்து, ஏதோ மாடு இப்படிக் கத்துகிறதே என்றாள். கிழமாடுகள் அப்படித்தான் கத்தும் என்று சொல்லிவிட்டு அவன் வண்டியை விரட்டினான்.

காரி திரும்பிப் பார்த்தது. காதை முன்னால் தள்ளிக்கொண்டு, காலை இழுத்து இழுத்து அவனிடம் வந்தது. முட்டும் என்று நினைத்தான். முட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அது அவன் பக்கத்தில் வந்து, வண்டிக்கு நிற்பதுபோல் சரியாகப் பக்கவாட்டில் திரும்பி, கழுத்தைத் தாழ்த்தி நீட்டிக்கொண்டு நின்றது. நுகத்தை வைப்பான் என்று நின்றது. அவன் கை எழவில்லை. நேரம் போகப் போக, தன்னிடம் ஏதோ தப்பு இருப்பதுபோல அது இன்னும் கொஞ்சம் தாழ்த்தியது.

ஜானகியம்மாள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இது உன்னுதா?"

"ஆமாங்க."

"செத்துப்போயிரும்னு நெனச்சிட்டியா?"

"நெனைக்கலீங்கம்மா. நெனைச்சே பாக்கலீங்க."

அவர் திட்டுவார் என்று காத்திருந்தான். அவரோ, இருந்துவிட்டுப் போகிறதானால் தொட்டிக்குத் தண்ணீர் இறைத்துக் கொடு என்று சொல்லிவிட்டுப் பசுவிடம் திரும்பிப் போனார். மாதப்பன் பொழுது சாயும்வரை இறைத்தான். தொட்டி நிறைந்த பிறகும் இறைத்தான். மனசில் ஒன்றும் குறையவில்லை.

வீட்டுக்குப் போனதும் சொல்லவில்லை. மறுநாள் காலையில் பாஞ்சாலி களத்தில் கேழ்வரகு புடைத்துக்கொண்டிருந்தபோது போய் எதிரில் உட்கார்ந்தான். லாடத்திலிருந்து ஆரம்பித்து ஒன்றுவிடாமல் சொன்னான். வாலைக் கடித்ததையும் சொன்னான், பங்குனியில் வண்டியை விரட்டியதையும் சொன்னான். முறம் பாதியில் நின்றது. அவள் அழுவாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்றெல்லாம் நினைத்திருந்தான். அவள் ஒன்றே ஒன்று கேட்டாள்.

"அப்ப நா அழுதது எந்த மண்ணு?"

அவள் முறத்தைக் கீழே வைத்தாள். சேலையில் ஒட்டிய உமியைத் தட்டிவிட்டு எழுந்தாள்.

"வண்டியக் கட்டுங்க."

வழியெல்லாம் அவள் வண்டியின் பின்முனையில், அவனுக்கு முதுகைக் காட்டி, பின்னால் போகிற ரோட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். புங்கமரத்துத் திருப்பம் வந்ததும் நிறுத்தச் சொன்னாள். இறங்கிப் போய், தான் நட்ட கல்லை இரண்டு கையாலும் ஆட்டிப் பிடுங்கினாள். மஞ்சள் இன்னும் முழுதாகப் போயிருக்கவில்லை. சரிவில் அதை உருட்டிவிட்டு, அது கீழே செடிகளுக்குள் போய் நிற்கும் சத்தம் கேட்கும்வரை நின்றுவிட்டு, வந்து ஏறிக்கொண்டாள்.

கொட்டாய் கண்ணுக்குத் தெரியும் முன்பே காரி கத்த ஆரம்பித்துவிட்டது. பாஞ்சாலி ஓடுகிற வண்டியிலிருந்தே குதித்தாள்.

"காரி, வந்துட்டன்டா சாமி," என்று சொல்லிக்கொண்டே வேலியின் படலைத் தள்ளிக்கொண்டு போனாள். அது நொண்டிக்கொண்டே வந்து அவள் அக்குளுக்குள் மூஞ்சியைப் புதைத்தது. கன்றாக இருந்தபோது அப்படித்தான் செய்யும். அவள் வளைந்த காலை மேலிருந்து கீழாகத் தடவினாள். கள்ளி முள் குத்தி ஆறிய வடுக்களை ஒவ்வொன்றாகத் தொட்டாள். மாதப்பன் மயிலையை அவிழ்த்து உள்ளே விட்டான். இரண்டு மாடுகளும் ஒன்றின் கழுத்தை ஒன்று நக்கிக்கொண்டு நின்றன. அவன் உள்ளே போகவில்லை. வேலிக்கு வெளியே, வண்டிச் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

மாட்டை வீட்டுக்குக் கொண்டுபோகட்டுமா என்று பாஞ்சாலி கேட்டாள். ஜானகியம்மாள் யோசித்துத்தான் பேசினார். மேட்டில் நடக்க அதன் கால் தாங்காது. வண்டியில் ஏற்றிக்கொண்டு போகலாம், தடுக்க மாட்டேன்.

"ஆனா தெனமும் இவரு வூட்டுல வண்டி கட்டுவாரில்ல," என்றார். "அப்பெல்லாம் இது போயி நொகத்துக்கிட்ட நிக்கும். அன்னிக்கு இவரு வந்தப்ப நா பாத்தேன். அத நீ தாங்குவியா?"

பாஞ்சாலி வேலிக்கு வெளியே நின்ற புருஷனைப் பார்த்தாள். அன்று முழுக்க அவள் அவனை நேராகப் பார்த்தது அப்போதுதான்.

"இங்கயே இருக்கட்டுங்க," என்றாள் ஜானகியம்மாளிடம். "நானும் இங்க கொஞ்ச நாளைக்கு இருக்கறேன். சாணி வழிக்கறேன், தண்ணி எறைக்கறேன். எனக்குன்னு ஒண்ணும் வேணாம்."

மாதப்பன் தனியாகத் திரும்பினான்.

வீட்டில் தானே கேழ்வரகுக் களி கிண்டித் தின்றான். பாதி நாள் கட்டி தட்டும், பாதி நாள் வேகாது. பாஞ்சாலி எங்கே என்று அக்கம்பக்கத்தில் கேட்டார்கள். பாலக்கோட்டில் கட்டிக்கொடுத்த மகள் வீட்டுக்குப் போயிருக்கிறாள் என்று சொல்ல வாய் வந்தது. வாயை மூடிக்கொண்டான். பிறகு உள்ளது உள்ளபடி சொன்னான். கேட்டவர்கள் எல்லாரும் அவனுக்கு நல்லதே சொன்னார்கள். கணவாயில் விழுந்த மாட்டை யார்தான் தூக்கிக்கொண்டு வர முடியும், பின்னால் அத்தனை வண்டி நிற்கும்போது என்ன செய்வது, ஒரு மாட்டுக்காகப் பெண்சாதி வீட்டை விட்டுப் போவதா என்றார்கள். அவர்கள் பேசி முடிக்குமுன் அவன் எழுந்து மாட்டுக்குத் தட்டுப் போடப் போனான்.

ஒவ்வொரு நடையிலும் வண்டியில் பாரத்தைக் குறைத்துக்கொண்டு, மிச்ச இடத்தில் சோளத்தட்டும் கேழ்வரகுத் தாளும் ஏற்றினான். கொட்டாய் வாசலில் இறக்கிவிட்டுப் போவான். காரி அவன் பக்கம் வரும்போது, அது கழுத்தைத் தாழ்த்தும் முன்பே நகர்ந்துவிடுவான். பாஞ்சாலி கூடையோடு வந்து தட்டை அள்ளிக்கொண்டு போவாள். ஊரில் எல்லாரும் சௌக்கியமா என்று வேற்று ஆளிடம் கேட்பதுபோல் கேட்பாள். சௌக்கியம் என்பான்.

இந்தச் சேதி எப்படியோ மண்டிவரை போயிற்று. ஒருநாள் மண்டிக்காரர், நாலு பேர் எதிரில் அவனைக் கூப்பிட்டு, வாயில்லா ஜீவனுக்கு இப்படித் தட்டுச் சுமக்கிற வண்டிக்காரனை நான் கண்டதில்லை, நீ பெரிய புண்ணியவானப்பா என்றார்.

"அந்த மாட்டக் கணவாயில போட்டுட்டு வந்தவனே நாந்தானுங்க," என்றான் மாதப்பன். "உங்க உப்ப ஏத்திக்கிட்டு வந்தப்ப."

மண்டிக்காரர் முகம் ஒரு மாதிரி ஆயிற்று. அட, மாடுதானே, விடப்பா என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். அதன்பின் அந்த மண்டியில் அவனுக்குப் பாரம் குறைந்தது. அவன் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஆடியில் நல்ல மழை பெய்தது. கேழ்வரகு விதைப்புக்கு நிலம் காத்துக்கொண்டிருந்தது. ஒருநாள் அவன் தட்டு இறக்கிவிட்டு வண்டியைத் திருப்பும்போது, பாஞ்சாலி தன் துணி மூட்டையோடு வந்து பேசாமல் பின்முனையில் ஏறிக்கொண்டாள். ஜானகியம்மாள் வேலிவரை வந்து வழியனுப்பினார்.

அதற்கப்புறம் இருவரும் விதைத்தார்கள், களை எடுத்தார்கள். மழை, விலை, மகள் வயிற்றில் வளரும் பிள்ளை என்று பேச வேண்டியதைப் பேசிக்கொண்டார்கள். காரியைப் பற்றி அவள் ஒரு சொல் எடுக்கவில்லை. அவனாகப் பேச ஆரம்பித்தால் எழுந்து வேறு வேலை பார்க்கப் போய்விடுவாள். அவனும் அவளுமாக அந்த வருஷம் இரண்டு தடவை கொட்டாய்க்குப் போனார்கள். இரண்டு தடவையும் அவன் வேலிக்கு வெளியேதான் நின்றான்.

கார்த்திகையில் ஒருநாள் சேலம் நடை முடிந்து திரும்பியவனுக்குக் களி போட்டுக் குழம்பு ஊற்றிக்கொண்டிருந்தவள், கரண்டியைச் சட்டியில் வைத்துவிட்டுக் கேட்டாள்.

"இன்னிக்கு அங்க போனீங்களா?"

"போனேன்."

"தட்டு தின்னுச்சா?"

"தின்னுச்சு. குளுருக்குக் காலு வலிக்குது போல. படுத்தே இருந்துச்சு."

"உள்ள போயிப் பாத்தீங்களா?"

"போனேன். பக்கத்துல உக்காந்து காலத் தேச்சு வுட்டேன். படுத்திருந்ததால கழுத்த நீட்டல."

பாஞ்சாலி இன்னொரு கவளம் களியை அவன் தட்டில் வைத்தாள். இவள் ஒருநாளாவது தன்னை வாய்விட்டுத் திட்டினால் தேவலை என்று மாதப்பனுக்குத் தோன்றியது. அவள் திட்டவில்லை. அடுத்த நடைக்கு விளக்கெண்ணெய் காய்ச்சித் தருகிறேன், காலுக்குத் தேய்க்க எடுத்துப் போங்கள் என்று மட்டும் சொன்னாள். அவன் சரி என்று தலையாட்டிவிட்டு, குனிந்தபடியே சாப்பிட்டு முடித்தான்.